நிழற்காவலர் இனம்: கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு ஓர் அடிப்படை விளக்கம்

ஓர் அரச குடும்பம். அதை ஊரறியாமல் காத்துவரும் ஓர் இனம். அந்த இனத்தாருக்கு நிழல்மேல் ஓர் ஆளுகை. மாயக்கதை எழுதத் தொடங்கும் இளைஞர்களிடம் இந்தக் கரு அடிக்கடி தலைகாட்டுகிறது. தக்கலை, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிதாகத் தோன்றும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது அரண்மனையைப் பார்த்து வந்தவர்கள் இங்கே ஏராளம். ஆனால் "நிழற்காவலர் என்றால் யார்?" என்று கேட்டால், "இருட்டில் மறைந்திருந்து ராஜாவைக் காப்பாற்றுபவர்கள்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நிழலுக்கும் இருட்டுக்கும் உறவில்லை என்பது ஒன்று. அவர்கள் காப்பது ராஜாவை அல்ல, குடும்பத்தை என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தெளிந்துவிட்டால் இந்த இனத்தின் பலம், பலவீனம், சோறு, சத்தியம், சாவு எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாமே வந்து சேரும். தெளியாவிட்டால் கறுப்பு உடை போட்ட ஆட்கள் ஓட்டுக்கூரையிலிருந்து குதிப்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது.

மெய்க்காப்பாளர் வேறு, நிழற்காவலர் வேறு

அரசனுக்காக உயிரைக் கொடுக்கச் சத்தியம் செய்த படைகள் நம் வரலாற்றில் உண்மையாகவே இருந்தன. சோழர் காலத்து வேளைக்காரர் அப்படிப்பட்டவர்கள். வேளைக்காரர் என்பவர்கள், ஏற்றுக்கொண்ட காவலுக்காகச் சாகவும் தயார் என்று உறுதி சொன்ன படையினர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகளின் பெயர்கள் உள்ளன. இலங்கையின் பொலன்னறுவையில், புத்தரின் பல் வைத்த கோயிலைக் காப்பதாக 12-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. பாண்டிய நாட்டுக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசனின் சிதையில் அவனுடைய உற்ற காவலர்களும் பாய்ந்து உயிர்விடுவதைப் பதிவு செய்திருக்கிறார். மலையாள நாட்டில் பாரதப்புழைக் கரையில் திருநாவாயில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில், சாவது உறுதி என்று தெரிந்தே கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின்மேல் பாய்ந்த சாவேர்களும் இதே வகைதான்.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவர்களுடைய சத்தியம் ஊருக்கே தெரியும். தெரியவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. "இவன்மேல் கைவைத்தால் இத்தனை பேர் சாகத் துணிந்து வருவார்கள்" என்ற அச்சமே பாதிக் காவல். அச்சம் தாக்குதலை முன்கூட்டியே தடுக்கிறது.

நிழற்காவலருக்கு அந்த வசதி கிடையாது. இருப்பதே தெரியாத ஒருவரை யார் அஞ்சுவார்கள்? ஆகவே அவர்களால் தாக்குதலைத் தடுக்க முடியாது, வந்த தாக்குதலைப் பிசகச் செய்யத்தான் முடியும். எய்த அம்பு ஒரு சாண் விலகிப்போகும். குத்த ஓங்கிய கை ஒரு நொடி மரத்துப்போகும். பார்த்தவர்கள் "ராஜாவுக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லிப் போய்விடுவார்கள். காவலின் பெருமை முழுவதும் அதிர்ஷ்டத்துக்கோ குலதெய்வத்துக்கோ போய்ச் சேரும். இந்த இனத்தின் மனநிலையை எழுத இதைவிட நல்ல வாசல் இல்லை.

ஒற்றரும் வேறு. ஒற்றர் செய்தி கொண்டுவருபவர். அவர் வேலை அரண்மனைக்கு வெளியே. கூலிக்கொலைஞரும் வேறு, அவர் தேடிப்போய்த் தாக்குபவர். நிழற்காவலர் காக்கவேண்டியவரை விட்டு நகர்வதில்லை. நகர்ந்து போய்ப் பகைவனைக் கொன்றார் என்று எழுதிய உடனே கதை வேறு இனத்தின் கதையாகிவிடும்.

நிழலுக்கு வெளிச்சம் வேண்டும்

நிழல் விழ மூன்று பொருள் வேண்டும்: ஒளி, அதை மறிக்கும் உடல், நிழலை ஏந்தும் பரப்பு. மூன்றில் ஒன்று போனாலும் நிழல் இல்லை. அமாவாசை இரவில் வெட்டவெளியில் நிழல் கிடையாது; அங்கே இருப்பது இருட்டு மட்டும். எனவே நிழலை ஆளும் இனத்துக்கு அமாவாசை என்பது கைகால் கட்டப்பட்ட இரவு. பெரும்பாலான கதைகள் அவர்களை அந்த இரவில்தான் களத்தில் இறக்குகின்றன.

நிழலுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒளி தரும் பொருளின் எந்தப் பகுதியும் தெரியாத நடுப்பகுதி கருநிழல். ஒளிப்பொருளில் கொஞ்சம் மறைந்து கொஞ்சம் தெரிகிற ஓரப்பகுதி புறநிழல். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நான்கடி டியூப் லைட்டுக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில், ஒரு மரஸ்கேலைக் கிடையாகப் பிடியுங்கள். ஸ்கேல் டியூபுக்கு இணையாக இருக்கும்போது தரையில் நல்ல கறுப்புக் கோடு விழும். அப்படியே ஸ்கேலைக் கால்வட்டம் திருப்பிக் குறுக்காகப் பிடியுங்கள். கோடு கரைந்து சாம்பல் மங்கலாகிவிடும். குறுக்காக வைத்த ஸ்கேலின் அகலம் டியூபின் நான்கடி நீளத்தை மறைக்கப் போதவில்லை. அதனால் கருநிழல் தரையை எட்டுவதற்கு முன்பே முடிந்துபோகிறது.

வெயிலிலும் இதே கதைதான். சூரியன் நம்மிடமிருந்து அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. இதிலிருந்து கைவசம் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு கிடைக்கிறது: ஒரு பொருளின் கருநிழல், அந்தப் பொருளின் அகலத்தைப்போல் 108 மடங்கு தூரம் வரைதான் நீளும். அதற்கப்பால் புறநிழல் மட்டும். நிலாவும் வானத்தில் கிட்டத்தட்ட சூரியன் அளவே தெரிவதால் நிலவொளிக்கும் இதே கணக்கு பொருந்தும். பௌர்ணமி வெளிச்சம் வெயிலைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறைவு, அவ்வளவே வித்தியாசம். நிழலின் கூர்மை மாறாது.

இந்தக் கணக்கைத் தென்னந்தோப்பில் போட்டுப் பாருங்கள். தென்னையின் கீற்றிலை மூன்றரை சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் கருநிழல் 4 மீட்டருக்குள் தீர்ந்துவிடும். மரமோ 15 மீட்டர். ஆக, ஓலையின் கருநிழல் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. தோப்பின் தரையில் தெரியும் வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகள், ஓலை இடுக்கு வழியே விழுந்த சூரியனின் உருவங்கள். 15 மீட்டர் உயரத்து இடுக்கென்றால் ஒவ்வொன்றும் ஒரு பப்படம் அளவு, சுமார் 14 சென்டிமீட்டர். "தென்னையோலை நிழலில் கரைந்தான்" என்று எழுதும்போது, அங்கே கரைவதற்கு முழு நிழல் இல்லை என்பது நினைவிருக்கட்டும். தென்னையின் தடி வேறு. 30 சென்டிமீட்டர் தடிக்குக் கருநிழல் 30 மீட்டருக்கு மேல் போகும். பலா, அயனி போன்ற அடர்ந்த மரங்களில் இலைமேல் இலை படிந்து மொத்தமாக மறைப்பதால் நல்ல நிழல் கிடைக்கும்.

ஏந்தும் பரப்பையும் மறக்கக்கூடாது. செம்மண் தரை, சுண்ணாம்புச் சுவர், கலங்கிய குளத்துநீர் இவையெல்லாம் நிழலை ஏந்தும். தெளிந்த நீரும் கண்ணாடிபோல் மெருகேறிய தரையும் ஏந்தாது. அவற்றில் தெரிவது பிம்பம்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒளி, உடல், பரப்பு மூன்றும் கூடினால்தான் நிழல். அதில் முழுப்பலம் உள்ள பகுதி கருநிழல். பொருள் மெலிதானால், பரப்பு தள்ளிப்போனால் கருநிழல் அற்றுப்போகும்.

கன்னியாகுமரி வெயிலின் நாள்காட்டி

இந்த மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒன்று, செப்டம்பர் 1, 2 வாக்கில் மற்றொன்று. அன்று பகல் 12.20 மணியை ஒட்டிய சில நிமிடங்களுக்கு, நிமிர்த்தி நட்ட கம்புக்கு நிழலே இராது. இதை நிழலில்லா நாள் என்பார்கள். சித்திரைப் பிறப்புக்கு மூன்று நான்கு நாள் முன்பு, நட்டநடுப் பகலில், உங்கள் நிழற்காவலர் முற்றத்தில் நின்றால் வெறும் மனிதர். பகைவர் பக்கத்தில் ஒரு சோதிடனுக்கு இந்த நாள் தெரிந்திருந்தால் அதுவே ஒரு கதை.

இன்னொரு நுட்பம்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். 6 மீட்டர் உயர மதில் ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று வையுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் அதன் வடபக்கம் சுமார் மூன்றரை மீட்டருக்கு நிழல் இருக்கும். ஜூன் 21 நண்பகலில் தென்பக்கம் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். காவலரின் நடைபாதை பருவத்துக்குப் பருவம் மதிலின் மறுபுறம் மாறவேண்டும். மாற்றாமல் எழுதினால், வானத்தைக் கவனித்தே வளர்ந்த வாசகர் பிடித்துவிடுவார். கடலோர ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

மழையும் கணக்கில் வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. வானம் மூடிவிட்டால் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் பரவி வரும், கருநிழல் சிதறிப்போகும். எனவே படையெடுப்பு நடக்கவேண்டிய காலம் ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழையும் ஐப்பசி அடைமழையும்தான். பௌர்ணமி இரவில் கொட்டாரத்தைத் தாக்குபவன் விவரம் தெரியாதவன்.

ஆற்றலுக்கு ஒரே விதி

தொடக்கத்தில் செய்யும் தவறு, ஆற்றலை அள்ளிக் கொடுப்பது. மறைவார்கள், பறப்பார்கள், நிழலால் வாள் செய்வார்கள், இறந்தவரோடு பேசுவார்கள் என்று கூட்டிக்கொண்டே போனால் கதையில் ஆபத்து என்று ஒன்று மிஞ்சாது. நான் பரிந்துரைப்பது ஒரே விதி: காவலர் கருநிழலுக்குள் இருக்கும்போது, அந்த நிழலோடு தொட்டு இணைந்த வேறொரு கருநிழலைப் பற்றலாம். ஒருவனின் நிழலில் எந்த உறுப்பைப் பற்றுகிறாரோ அந்த உறுப்பு அவனுக்கு அசையாது.

இந்த ஒரு விதியே எல்லாவற்றையும் வரையறுத்துவிடுகிறது. இரு நிழலும் தொடாவிட்டால் பலனில்லை. புறநிழல் கைக்கு அகப்படாது. வெளிச்சம் அணைந்தால் பிடி நழுவும். ஒரு விலையும் வையுங்கள்: பற்றியிருக்கும் நேரமெல்லாம் காவலரின் அதே உறுப்பும் அசையாது. பகைவனின் வலக்கையைப் பிடித்தால் தன் வலக்கையும் போயிற்று. இருவர் சேர்ந்து காவல் நிற்கவேண்டியதன் காரணம் இதிலிருந்தே வருகிறது: ஒருவர் பற்ற, மற்றவர் முடிக்க.

வர்மத்தை இதோடு கலக்கவேண்டுமா என்று பலரும் யோசிப்பார்கள். அடிமுறை என்ற தற்காப்புக் கலையும், உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மக் கலையும் வேரூன்றிய மண் இது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஆசான்மார் 108 வர்மங்களைச் சொல்வார்கள். உடலின் வர்ம இடத்துக்கு நேரான நிழலைத் தொட்டால் என்ன ஆகும் என்பது நல்ல கேள்விதான். ஆனால் எந்த வர்மம் எங்கே, அடிபட்டால் மீட்கும் இளக்குமுறை என்ன என்பதை ஓர் ஆசானிடம் கேட்டுக்கொள்ளாமல் எழுதவேண்டாம். அரைகுறையாக எழுதினால் மாயமும் நம்பப்படாது, வர்மமும் இழிவுபடும்.

கொட்டாரத்துக்குள் எங்கே பலம், எங்கே பலவீனம்

பத்மநாபபுரம் கொட்டாரத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். கட்டிடம் அப்படியே இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசர்கள் ஆண்ட இடம். கேரளப் பாணி மரக்கட்டு. தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, சரிவான அழியடித்த சாளரங்கள், வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ந்த மங்கல்.

மங்கல்தான் நிழற்காவலருக்கு வசதி என்று தோன்றும். அங்கேதான் பிசகு. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மாடியில் உள்ள மந்திரசாலையில் வெளிச்சம் அழியிடுக்குகள் வழியே பல கீற்றாக, பல பக்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு கீற்றும் ஒரு நிழலைப் போடும். மற்றொரு கீற்று அதை அழிக்கும். ஒன்றுமே முழுக் கருநிழல் ஆகாது. தரையோ கறுப்பு மெருகு. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்லப்படும் அந்தத் தரையில் குனிந்து பாருங்கள்: சாளரத்தின் பிம்பம் தெரியும், உங்கள் நிழலைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அரசன் அமைச்சர்களோடு அமரும் அறையில் நிழற்காவலரின் கை ஓங்காது. அப்படியானால் இந்தத் தரையைப் போடச் சொன்னது யார் என்று கதையில் யாராவது கேட்கலாமே.

இரவில் விளக்குகளின் எண்ணிக்கை முக்கியம். ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு, ஒரு தூணுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து நிழல் போடும். ஐந்தும் சேர்ந்து படியும் சிறு இடமே கருநிழல். ஒரே திரி ஏற்றினால் ஒரே நிழல், நல்ல அழுத்தமாக. காவலரோடு இணங்கிய கொட்டாரத்தில் விளக்கேற்றும் பெண்ணுக்கு ஓர் ஏற்பாடு தெரிந்திருக்கவேண்டும்: இன்றிரவு ஒரு முகம் போதும் என்று. யாரும் ஐயப்படாத அடையாளமொழி அது.

நவராத்திரி மண்டபத்தை ஒட்டி, அரண்மனைப் பெண்கள் தாங்கள் தென்படாமல் கலை நிகழ்ச்சிகளைப் பார்க்கத் துளையிட்ட தடுப்போடு அறை உண்டு. பார்க்கலாம், பார்க்கப்படக்கூடாது என்ற கட்டிடக்கலை இந்தக் கொட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கற்பனை இனத்தை அதற்குள் வைக்க நீங்கள் ஒரு சுவரைக்கூடப் புதிதாகக் கட்டவேண்டாம்.

இனம் என்றால் சோறு வேண்டும்

படைக்கு ஆளெடுக்கலாம். இனம் என்றால் குழந்தை, கிழவி, கர்ப்பிணி, நோயாளி எல்லோரும் உண்டு. இதை மறந்துவிட்டு முப்பது வயது ஆண்களை மட்டும் எழுதுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டால் நிலைமை புரியும்.

ஒருவரை இரவும் பகலும் காக்க, ஒரு முறைக்கு இருவர், நாளுக்கு மூன்று முறை: ஆறு பேர். நோய், ஓய்வு, பயிற்சிக்காக மூன்று பேர் கூடுதல்: ஒன்பது. அரச குடும்பத்தில் காக்கவேண்டியவர்கள் ஏழு பேர் என்றால் 63 காவலர். ஒரு சமூகத்தில் காவலுக்கு ஏற்ற வயதும் உடலும் உள்ளவர்கள் நாலில் ஒரு பங்கு என்று கொண்டால் மொத்தம் 250 பேர். தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி வைத்தாலே 100 கிலோ. ஆண்டுக்கு 36 டன்னுக்கு மேல்.

யாருக்கும் தெரியாத ஓர் இனத்துக்கு ஆண்டுக்கு 36 டன் அரிசி எந்தக் கணக்கில் எழுதப்படும்? ரகசியம் எப்போதும் இப்படித்தான் உடையும்: வாள்வீச்சில் அல்ல, பண்டாரத்துக் கணக்கோலையில். பத்மநாபபுரத்தில் இதற்கும் இடமிருக்கிறது. ஊட்டுப்புரை. இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவு. தினமும் அத்தனை இலை போடுகிற இடத்தில் 250 பேரின் சோறு கணக்கில் கரைந்துபோகும். தர்மச் சோறு என்ற பெயரில் நடப்பது உள்ளபடியே காவல் சம்பளம். உங்கள் கதையில் வரப்போகும் புத்திசாலித் துப்பறிவாளர் களரியைத் தேடவேண்டாம். போட்ட இலையையும் வடித்த அரிசியையும் எண்ணிப் பார்த்தால் போதும்.

மருத்துவச்சி, சலவை, சவ அடக்கம் ஆகியவையும் இதேபோல் ரகசியம் கசியும் இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைப்பு யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்தியம் யாருக்கு?

இப்போது இரண்டாவது பிழைக்கு வரலாம். "ராஜாவைக் காப்பாற்றுபவர்கள்" என்றால் ராஜா யார் என்று தெரியாத நாளில் என்ன செய்வார்கள்?

திருவிதாங்கூரில் அப்படி ஒரு நாள் உண்மையிலேயே வந்தது. அங்கே வாரிசுமுறை மருமக்கத்தாயம். மருமக்கத்தாயம் என்றால் உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாமல், தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும் முறை. 1729-இல் ராமவர்மா இறந்ததும் மருமகனான மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவின் பிள்ளைகளான தம்பிமார் ('தம்பி' என்பது அவர்களின் பட்டப்பெயர்) தங்களுக்கே உரிமை என்று எழுந்தார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றதாக மரபு சொல்லும். நிழற்காவலரை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சத்தியம் ராமவர்மா என்ற மனிதருக்கு என்றால், அவருடைய ரத்தமான தம்பிமாரைக் காக்கவேண்டும். சிம்மாசனத்துக்கு என்றால் மார்த்தாண்டவர்மாவை. குடும்பத்துக்கு என்றால், மருமக்கத்தாயத்தில் குடும்பம் நடப்பது பெண்வழியில். முதலில் காக்கவேண்டியது அரசனின் சகோதரியையும் அவள் பெண்மக்களையும். அரசன் இறந்தால் இன்னொருவர் வருவார். ராணி வழி அற்றால் எல்லாம் அற்றது.

மூன்றாவது தேர்வுதான் இந்த இனத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். பகைவர் எல்லோரும் அரசனைக் குறிவைத்துக்கொண்டிருக்க, சிறந்த காவலர்கள் ஒரு சிறுமியின் அறைக்கு வெளியே நிற்பார்கள்.

சத்தியத்தின் வாசகத்தை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள், சொல்லுக்குச் சொல். பின்னால் எல்லாம் அதில்தான் தொங்கும். 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசராக ஆளத் தொடங்கினார். "நாட்டுக்கு உடையவரைக் காப்போம்" என்று சத்தியம் இருந்திருந்தால், அன்றைக்கு மறுநாள் காவலர்கள் கோயிலுக்கு இடம்பெயரவேண்டி வந்திருக்கும். இன்றையக் கதை எழுதுபவர்களுக்கு இன்னும் கூர்மையான திருப்பங்கள் உண்டு: 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, 1971-இல் அரச குடும்பங்களின் மானியம் சட்டத்திருத்தத்தால் நின்றது. கொட்டாரம் நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. காவலர் வம்சத்தில் மிஞ்சியவர்கள் இன்று யாரிடம் போய்ச் சோறு கேட்பார்கள்?

சுருக்கமாக: மனிதனுக்கா, சிம்மாசனத்துக்கா, குடும்பத்துக்கா, நாட்டுக்கா என்பது ஒரே கேள்விபோல் தெரியும். வாரிசுச் சண்டை வரும் நாளில் அது நான்கு கதைகளாகப் பிரியும்.

பிறவி ஊழியத்தை அழகாக்க வேண்டாம்

இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பிறப்பால் ஒரு குடும்பத்துக்குச் சேவை செய்யக் கட்டுப்பட்ட இனம் என்பது கேட்க விசுவாசம் மாதிரி இருக்கும். இந்த மண்ணில் அதற்கு வேறு பெயர் இருந்தது. ஊழியம் என்று கூலியில்லாத கட்டாய வேலை வாங்கிய சமஸ்தானம் இது. அடிமைமுறையை ஒழிக்கும் அரச விளம்பரம் 1855-இல்தான் வந்தது. தோளில் சீலை போடும் உரிமைக்காக நம் பெண்கள் போராடி, 1859-இல் மேலுடலை மறைத்து உடுத்த அனுமதி பெற்றார்கள், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நினைவு இங்கே குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். உங்கள் இனத்துக்கு, வாழ்ந்துகொண்டிருக்கும் எந்தச் சமூகத்தின் பெயரையோ தொழிலையோ சடங்கையோ பூட்டவேண்டாம். அடுத்தது, அந்த இனத்தில் பிறந்த ஒரு பிள்ளை "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குக் கதையில் பதில் இருக்கவேண்டும். போக விடுவார்களா? ரகசியம் போய்விடுமே. விடமாட்டார்கள் என்றால் அவர்கள் காவலரா, கைதியா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் நிழற்காவலர் கதைகள் பாதிதான் எழுதப்பட்டவை.

ஒரு காட்சியைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன விதிகளை ஒரு காட்சியில் போட்டுப் பார்த்தால் பயன் தெரியும். ஒவ்வொரு சண்டைக்கும் எழுதுமுன் நான்கு விவரம் குறித்துக்கொள்ளவேண்டும்: நேரம், ஒளி எத்தனை, நிழல் விழும் பரப்பு, தூரம்.

டிசம்பர் நடுவில், மாலை 5 மணி, மழை விட்டு வெளுத்த வானம். கொட்டாரத்து முற்றம், செம்மண் தரை. சூரியன் மேற்கே, சற்றுத் தெற்கு ஒதுங்கி, தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரத்தில். அந்த உயரத்தில் நிழல் ஆளைப்போல் நான்கு மடங்கு. மேற்கு வாசல் வழியே 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவன் நுழைகிறான். அவன் நிழலின் தலை அவனுக்கு முன்னால் கிட்டத்தட்ட 7 மீட்டரில் போகிறது. கிழக்கே ஒரு கல்தூணின் கருநிழலில் காவலர் இருவர். நுழைபவன் வாசலில் இருக்கும்போதே அவன் நிழல் தூணின் நிழலைத் தொட்டுவிட்டது. மூத்தவர் பற்றத் தயார்.

அவன் மடியிலிருந்து கத்தி எடுக்கிறான். கத்தி 3 சென்டிமீட்டர் அகலம். அதன் கருநிழல் 3.2 மீட்டர் வரைதான். நெஞ்சளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.2 மீட்டரில் பிடித்திருக்கிறான். அந்த உயரத்திலிருந்து சாய்ந்த ஒளி தரையை எட்ட 5 மீட்டர் போகவேண்டும். கத்திக்குத் தரையில் கருநிழல் இல்லை. மங்கலாக ஒரு புறநிழல், அவ்வளவே. கத்தியைப் பற்ற முடியாது, விரல்களையும் முடியாது. மணிக்கட்டு 6 சென்டிமீட்டர். அதன் கருநிழல் ஆறரை மீட்டர் வரை நீளும். 5 மீட்டரில் அதில் மிஞ்சியிருப்பது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு கறுப்புக் கோடு. மூத்தவர் பற்றவேண்டியது அதைத்தான். பற்றிய நொடியில் அவருடைய வலக்கையும் மரத்துவிடும். இளையவர் அதற்குள் அந்த 7 மீட்டரைக் கடக்கவேண்டும். மேற்கே ஒரு மேகம் சூரியனை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.